மகன் படுக்கையில் இருக்கையில் வீடும் வயலும்

2023 ஆம் ஆண்டு புரட்டாதி மாதம். கிளிநொச்சி மாவட்டத்தின் குடியேற்றக் கிராமம் ஒன்றில் காலபோகத்துக்கான புழுதி உழவு தொடங்கியிருந்தது. மாலை நேரம் வயலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த 23 வயது இளைஞன் ஒருவன், லாண்ட் மாஸ்டர் என்று நாம் அழைக்கும் இருசில்லு உழவு இயந்திரத்தோடு வாய்க்காலுக்குள் சரிந்து விழுந்தான். இயந்திரத்தின் பாரம் முழுவதும் அவனுடைய வலது காலில் விழுந்தது. தொடை எலும்பு முறிந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

அந்தக் குடும்பத்தை நாம் மூன்று தடவைகள் சென்று சந்தித்தோம். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகவே இக்கட்டுரையில் ஊரின் பெயரும் இல்லை, ஆட்களின் பெயரும் இல்லை. மற்றவையெல்லாம் அவர்கள் சொன்னபடியே.

குடும்பத்தின் கதை எமது வாசகர்கள் பலருடைய கதைதான். தகப்பனார் வலிகாமம் வடக்கில் செம்மண் தோட்டம் செய்தவர். 1990 ஆனியில் ஊரை விட்டு வெளியேறினார். 1995 ஐப்பசி இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து மீண்டும் இடப்பெயர்வு, பிறகு வன்னியில் குடியிருப்பு. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் இடம் மாறி இடம் மாறி இறுதியில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். 2010 இல் திரும்பி வந்தபோது கையில் இருந்தது ஒரு தறப்பாளும் இரண்டு பிள்ளைகளும். அனுமதிப்பத்திரக் காணியில் இரண்டு ஏக்கர் வயலும், அரை ஏக்கர் மேட்டுக்காணியும் உண்டு. லாண்ட் மாஸ்டர் தவணைப் பணத்துக்கு எடுத்தது. சொந்த வயலை உழுதபின் மற்றவர்களுக்குக் கூலிக்கு உழுது மகன்தான் தவணையைக் கட்டி வந்தான். மகள் அப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

விபத்து நடந்த இடத்தில் நின்றவர்கள் நல்ல காரியங்கள் சிலவற்றைச் செய்தார்கள். காலை இழுத்து நேராக்க முயலவில்லை. இரண்டு பனைமட்டைகளை வெட்டி, சீலைத் துண்டு சுற்றி, காலின் இரு பக்கமும் வைத்துக் கட்டினார்கள். புண்ணின் மேல் சுத்தமான சாரத்தை மடித்து அழுத்திப் பிடித்தார்கள். கோப்பித்தூளோ சாம்பலோ போட விடவில்லை. ஒருவர் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தார். இந்த இலவச அம்புலன்ஸ் சேவை வட மாகாணத்துக்கு 2018 இல்தான் வந்தது. தகப்பனார் இதைச் சொல்லும்போது சிரித்தார். “1990 எண்டால் எங்களுக்கு ஊரை விட்டு ஓடின வருசம், தம்பி. அந்த நம்பரைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு பதறும். இப்ப அந்த நம்பர்தான் பிள்ளையைக் கொண்டு போய்ச் சேர்த்தது.”

நாலு என்றால் நாலு கிழமையா?

அன்றிரவே சத்திரசிகிச்சை நடந்தது. தோல் கிழிந்து எலும்பு வெளிவந்த முறிவில் முதல் வேலை கழுவுவதுதான். வாய்க்கால் சேறும் மண்ணும் உள்ளே போயிருந்தால் ஒரு தடவை கழுவியது போதாது. இரண்டு நாட்களின் பின் மீண்டும் மயக்க மருந்து கொடுத்துக் கழுவினார்கள். ஏற்பு ஊசியும், நாளங்களினூடாகக் கிருமிகொல்லி மருந்தும் கொடுத்தார்கள். கீழ்க்கால் எலும்பை வெளியிலிருந்து கம்பிகள் ஏற்றிச் சட்டம் பூட்டி நிறுத்தினார்கள். தொடை எலும்புக்குள் நீண்ட உலோகக் கம்பி ஒன்றைச் செலுத்தினார்கள். மூன்றாம் கிழமை, மற்றத் தொடையிலிருந்து தோல் எடுத்துப் புண்ணை மூடினார்கள். ஐந்து கிழமைகள் வைத்தியசாலை வாசம்.

சத்திரசிகிச்சை நிபுணர் தாயாரிடம் ஒரு விடயத்தை முதல் வாரத்திலேயே சொல்லியிருக்கிறார். “டொக்டர் நாலு மாதம் காலை நிலத்திலை ஊன்றக் கூடாது எண்டவர். எனக்குக் காதிலை விழுந்தது நாலு எண்டது மட்டும். நாலு கிழமை எண்டு நினைச்சுக்கொண்டு திரிஞ்சன்” என்கிறார் தாயார்.

இந்தத் தவறுதான் அந்தக் குடும்பத்தை வீழ்த்தப் பார்த்தது. நாலு கிழமைதானே என்று எல்லோரும் வைத்தியசாலை வாசலுக்குப் போய்விட்டார்கள். தாயார் பகல் முழுவதும் அங்கே. ஆண்கள் வாட்டில் இரவில் பெண்கள் நிற்க முடியாது என்பதால் தகப்பனார் இரவு முழுவதும் அங்கே. மகள் பாடசாலைக்குப் போகாமல் வீட்டைப் பார்த்தாள், பிறகு பயத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுப் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கோழிகளைக் கீரி பிடித்தது. பாலாடு ஒன்றைக் கேட்ட விலைக்குக் கொடுத்தார்கள். பஸ் காசு, கடைச் சாப்பாடு, தேநீர் என்று இரண்டு பேருக்கு ஒவ்வொரு நாளும் பணம் கரைந்தது. அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குப் பணம் இல்லைத்தான், ஆனால் வைத்தியசாலைக்குப் பக்கத்தில் இருப்பதற்குப் பணம் வேண்டும். பதினெட்டாம் நாள் கையில் ஒன்றும் இல்லை. வீட்டு மூலையில் விதைநெல் மட்டும் ஐந்து புசல் இருந்தது.

தகப்பனார் அதை விற்கத் தீர்மானித்தார். வாங்குவதற்கு ஆளும் வந்துவிட்டது. அப்போதுதான் பெரியம்மா குறுக்கே நின்றார். அவர் அதிகம் படித்தவர் அல்லர். ஆனால் 2009 இல் தன் மகன் காயப்பட்டுக் கிடந்தபோது இதே வேலையைச் செய்தவர். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “தையிலை இவன் எழும்பி நடக்கேக்கை உங்கடை வீட்டிலை சாப்பிட என்ன இருக்கும்?”

மறுநாள் பெரியம்மா தகப்பனாரையும் கூட்டிக்கொண்டு வாட்டுக்குப் போய், பொறுப்புத் தாதியிடம் ஆறுதலாக ஒவ்வொன்றாகக் கேட்டார். கால் எப்போது ஊன்றலாம்? வெளிக்கம்பி எப்போது கழற்றுவார்கள்? எப்போது வீட்டுக்கு விடுவார்கள்? உழவு இயந்திரம் எப்போது பிடிக்கலாம்? கிடைத்த பதில்களை மகளின் அப்பியாசக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதினார்கள்.

தொடை எலும்பு பொருந்துவதற்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்கள் வேண்டும். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு, அதுவும் தோல் கிழிந்து முறிந்ததென்றால், ஆறு மாதங்களும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். நாம் விதைக்கும் நெல் மூன்றரை மாதத்தில் விளைந்துவிடும். அதாவது புரட்டாதியில் முறிந்த கால், காலபோகம் விதைத்து, களை பிடுங்கி, தை மாசியில் வெட்டி முடிந்த பிறகும் முழுமையாகப் பொருந்தியிராது. கொப்பியில் மாதங்களை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி, ஒரு பக்கம் காலின் வேலையையும் மறுபக்கம் வயலின் வேலையையும் போட்டபோதுதான், இந்தப் போகத்தில் மகன் இல்லை என்பது எல்லோருக்கும் விளங்கியது. தாயார் அழுதார். ஆனால் அன்று முதல் அவர்கள் செய்த ஒவ்வொரு தீர்மானமும் வேறுவிதமாக இருந்தது.

விதைப்பு

விதைநெல் விற்கப்படவில்லை. கமக்காரர் அமைப்பில் தகப்பனார் விடயத்தைச் சொன்னார். கேட்பதற்கு அவருக்குக் கூச்சம். மெனிக் பாமில் வரிசையில் நின்ற காலத்தின் பின் யாரிடமும் கை நீட்டுவதில்லை என்று இருந்தவர். ஆனால் அவர் கேட்டது பணம் அல்ல, ஒரு நாள் வேலை. பதினான்கு பேர் வந்தார்கள். ஒருவர் தன் இயந்திரத்தைக் கொண்டுவந்து, டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு மீதி உழவை முடித்தார். ஒன்றரை ஏக்கர் விதைத்தார்கள். தாழ்ந்த பக்கம் இருந்த அரை ஏக்கரை அந்தப் போகத்துக்கு மட்டும் பக்கத்து வயல்காரருக்குக் குத்தகைக்கு விட்டு, நெல்லாக வாங்குவது என்று பேசினார்கள். தகப்பனார் இதற்குக் கைமாறாக, தண்ணீர் திறக்கும் இரவுகளில் ஐந்தாறு பேருடைய வயல்களுக்கும் சேர்த்து வாய்க்கால் பார்த்தார். நித்திரை வராத மனிதருக்கு அந்த வேலை பொருந்தியது என்று தாயார் சொல்லிச் சிரித்தார்.

வைத்தியசாலையில் நிற்பதையும் பிரித்துக்கொண்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் போதும். கிழமையில் இரண்டு இரவு மச்சான்காரன், இரண்டு இரவு அயல் பையன். வாட்டில் அடுத்த கட்டிலில் இருந்த நோயாளியின் உறவினரோடு பேசி, ஒருவர் இல்லாத வேளையில் மற்றவர் இரண்டு பேரையும் பார்ப்பது என்றும் ஒழுங்கு செய்தார்கள். இப்படி உருவான உறவு இன்றும் தொடர்கிறது. அந்தக் குடும்பம் முல்லைத்தீவிலிருந்து கருவாடு அனுப்புகிறது.

காணியும் கடனும்

இந்த இடத்தில் சற்று நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. பெரிய காயம் ஒன்று வந்த வீட்டுக்கு இரண்டு வகையான ஆட்கள் வருவார்கள். ஒருவர் உதவ வருபவர், மற்றவர் காணி கேட்டு வருபவர். இவர்கள் வீட்டுக்கும் வந்தார். வயலை எழுதித் தந்தால் உடனே காசு, மகன் சுகமானதும் திருப்பி எடுக்கலாம் என்றார். எமது குடியேற்றத் திட்டங்களில் உள்ள காணிகள் பெரும்பாலும் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்டவை. அவற்றை அதிகாரிகளின் அனுமதியின்றி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. வெறுங் கடுதாசியில் எழுதிக் கையெழுத்து வைப்பது சட்டத்தின் முன் செல்லாது. ஆனால் காணி கைமாறி, வேலி நகர்ந்து, நாலு போகம் மற்றவர் விதைத்துவிட்டால் அதைத் திரும்பப் பெற எத்தனை வருடம் அலைய வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். உறுதிக்காணி உள்ளவர்களும் ஒற்றி வைக்கும்போது யோசிக்க வேண்டும். ஒற்றியில் வட்டி இல்லை என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் முதலைக் கட்டி முடிக்கும்வரை விளைச்சல் முழுவதும் பணம் தந்தவருக்கே போகும். ஒரு போகத்துக்கு மட்டும் குத்தகைக்கு விடுவது இவை எல்லாவற்றையும் விடப் பாதுகாப்பானது என்பது எமது அபிப்பிராயம். குத்தகை எழுத்தில் போக முடிவுத் திகதி இருக்க வேண்டும்.

இவர்கள் தாயாரின் சங்கிலியை வங்கியில் அடகு வைத்தார்கள். மீற்றர் வட்டிக்காரரிடம் போகவில்லை. கிழமைக்குக் கிழமை வந்து வீட்டு வாசலில் அறவிடும் நுண்கடன் ஒன்றும் தருவதாக இருந்தது. அதற்கும் வேண்டாம் என்றார்கள். அறுவடை தையில்தான், கிழமைத் தவணையை எதைக் கொண்டு கட்டுவது என்று பெரியம்மா கேட்டாராம். லாண்ட் மாஸ்டர் தவணைதான் பெரிய தலையிடி. தகப்பனார் வைத்தியசாலைக் கடிதத்தின் பிரதியையும், பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டையும் எடுத்துக்கொண்டு நிறுவனத்துக்கே நேரில் போய், நான்கு மாதத் தவணையைப் பின்தள்ளித் தரும்படி கேட்டார். மூன்று மாதம் தந்தார்கள். கட்டாமல் ஒளித்துத் திரிவதை விட முன்கூட்டியே போய்க் கேட்டது நல்லது என்பது அவருடைய அனுபவம்.

கடதாசிகள் பற்றி ஒரு வார்த்தை. விபத்து நடந்த வாரத்திலேயே பொலிசில் பதிவு செய்யுங்கள். நோய் நிர்ணய அட்டை, கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே படங்கள், பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். இந்த வீட்டில் அவை இருந்த பை, 2009 இல் பிறப்புச் சான்றிதழ்களைச் சுற்றிக்கொண்டு ஓடிய அதே பொலித்தீன் பை. கிராம அலுவலரிடமும், பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடமும் நேரில் போய்ச் சொல்லுங்கள். ஊன்றுகோல், சக்கரநாற்காலி போன்றவற்றுக்கு அங்கே விண்ணப்பிக்கலாம். சில வகைச் சிகிச்சைகளுக்கு ஜனாதிபதி நிதியத்தின் உதவியும் உண்டு. அதற்கு முன்னர் கொழும்புக்கு எழுத வேண்டியிருந்தது. 2025 முதல் பிரதேச செயலகங்களிலேயே விண்ணப்பம் ஏற்கிறார்கள். 1987 இல் சட்டமாக்கப்பட்ட விவசாயிகள் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்து பணம் கட்டியவர்களுக்கு அங்கவீனத்துக்கான கொடுப்பனவும் இருக்கிறது. தகப்பன்மார் பலர் தாங்கள் சேர்ந்ததையே மறந்துவிட்டார்கள். கமநல சேவை நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள்.

பத்தியம்

மகன் ஐப்பசி கடைசியில் வீட்டுக்கு வந்தான். உடம்பு பாதியாகிவிட்டது. வந்த அன்றே அயலவர்கள் வந்து சொன்ன புத்திமதிகளின்படி தாயார் பத்தியம் தொடங்கினார். முட்டை கூடாது, சீழ் பிடிக்கும். கத்தரிக்காய் கூடாது, கிரந்தி. மீன் கூடாது. பருப்பு வாயு. கடைசியில் பிள்ளைக்கு மிஞ்சியது சோறும் ரசமும் மட்டும். இரண்டு கிழமை இப்படி நடந்தது.

எமது முன்னோரின் பத்தியம் எல்லாம் பிழை என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் முறிந்த எலும்பும் கிழிந்த தசையும் வளர்வதற்குப் புரதம் வேண்டும். அது முட்டையிலும், மீனிலும், பாலிலும், பயறு, உழுந்து, கடலை, பருப்பிலும்தான் இருக்கிறது. முட்டை சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்காது. கை கழுவாமல் புண்ணைத் தொட்டால் சீழ் பிடிக்கும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்துக்குக் கடையில் விற்கும் மா டின்கள் தேவையில்லை. 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கிறது. முருங்கையிலை, எள்ளு, முள்ளோடு சாப்பிடும் நெத்தலி ஆகியவற்றிலும் தாராளமாக உண்டு. தேசிக்காய், நெல்லிக்காய், கொய்யாப்பழம் புண் ஆற உதவும். காலையில் சிறிது நேரம் முற்றத்து வெயிலில் இருப்பதும் நல்லது. நீரிழிவு, சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மட்டும் வைத்தியரிடம் கேட்டுச் சாப்பிட வேண்டும்.

கிளினிக்கில் மிஸி ஒருவர் தாயாரைப் பிடித்து ஏசிய பிறகு குரக்கன் கூழும், உழுந்தங்களியும், நாளுக்கு இரண்டு முட்டையும் கொடுக்கத் தொடங்கினார்கள். மிஞ்சியிருந்த இரண்டு கோழிகளுக்குத் தனிக் கூடு அடித்தது மகள்தான். கிணற்றடித் தண்ணீர் ஓடும் இடத்தில் பொன்னாங்காணியும் பசளியும் நட்டார்கள். வலி மாத்திரையால் மலச்சிக்கல் வரும். அதற்குப் பப்பாசிப்பழமும் நிறையத் தண்ணீரும் போதுமாக இருந்தது.

அவன் சிகரெட் பிடிக்கிறவன். கூட்டாளிகள் ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். புகைத்தல் எலும்பு பொருந்துவதைத் தாமதப்படுத்தும் என்று கிளினிக்கில் சொன்னபோது அவன் நம்பவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் வளரவில்லை என்று பார்த்த பிறகுதான் விட்டான்.

கம்பியும் எண்ணெயும்

மிகவும் ஆபத்தான சம்பவம் கார்த்திகையில் நடந்தது. உறவினர் ஒருவர் முறிவு நெரிவுப் பரியாரியாரிடம் எண்ணெய் வாங்கி வந்தார். நல்லெண்ணத்தோடுதான் வாங்கி வந்தார். சாதாரண சுளுக்குக்கும், தோல் கிழியாத சிறு முறிவுக்கும் எமது பரியாரிமாரிடம் போய்ச் சுகமானவர்கள் ஊரில் பலர் இருக்கிறார்கள். ஆனால் கம்பி ஏற்றிய கால் வேறு. தோலுக்கு வெளியே நிற்கும் ஒவ்வொரு கம்பியும் எலும்புக்குப் போகும் ஒரு திறந்த வழி. தாயார் கம்பியைச் சுற்றி எண்ணெய் பூசினார். நாலாம் நாள் கம்பியடி சிவந்தது, கண்டல் நீர் வந்தது, இரவு காய்ச்சல். மீண்டும் வைத்தியசாலை, ஒன்பது நாட்கள். எலும்புக்குள் கிருமி போகவில்லை. போயிருந்தால் காலின் கதை வேறாகியிருக்கும் என்று சொன்னார்களாம்.

அதன் பிறகு அவர்கள் செய்தது வாட்டில் கற்றுக்கொடுத்த முறை. சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியால் கம்பியடியைத் துடைப்பது. ஒரு கம்பிக்குப் பாவித்த துணியை அடுத்த கம்பிக்குப் பாவிப்பதில்லை. எண்ணெய், மஞ்சள், சாம்பல் ஒன்றும் இல்லை. உங்கள் வாட்டில் வேறுமுறை சொல்லியிருந்தால் அதையே செய்யுங்கள்.

கால்விரல்கள் குளிர்ந்து நீலம் பாரித்தால், விறைத்தால், மாத்திரைக்கும் அடங்காத வலி ஏறிக்கொண்டே போனால், விடியும் வரை பார்த்திருக்கக் கூடாது. கெண்டைக்கால் வீங்கி நோவதும், படுத்திருப்பவருக்குத் திடீரென்று மூச்சு முட்டுவதும் அப்படித்தான். இரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போவதன் அடையாளமாக அது இருக்கலாம். உடனே 1990.

வீட்டில் பெரும் சிக்கல் மலசலகூடம். குந்தியிருக்கும் குழி மலசலகூடத்தில் அவனால் இருக்க முடியாது. முதல் கிழமை சட்டி வைத்தார்கள். இளந்தாரிப் பிள்ளை, தாயார் சட்டி எடுக்க வேண்டும் என்பதற்காகவே சாப்பிடாமல் இருக்கத் தொடங்கினான். இது பல வீடுகளில் நடப்பது, யாரும் வெளியே சொல்வதில்லை. மச்சான்காரன் பழைய பிளாஸ்ரிக் கதிரை ஒன்றின் இருக்கையில் வட்டமாக வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழமழப்பாக்கி, கீழே வாளி வைத்து, கிடுகு மறைப்புக் கட்டிக் கொடுத்தான். பிறகு அதே கதிரையைக் குழியின் மேலேயே வைத்தார்கள். அந்த நாளிலிருந்து அவன் ஒழுங்காகச் சாப்பிட்டான்.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை உடம்பைத் திருப்பி விடுவது படுக்கைப்புண்ணைத் தடுக்கும். தனியாகத் தூக்கினால் தாயாரின் நாரி போய்விடும். இருவர் சேர்ந்து விரிப்போடு நகர்த்த வேண்டும். முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்தால் பிள்ளைக்குச் சுகமாக இருக்கும், ஆனால் நாள்கணக்கில் வைத்தால் முழங்கால் மடிந்தபடியே விறைத்துவிடும். பாதத்தை மேலும் கீழும் அசைப்பதும், தொடைத் தசையை இறுக்கி விடுவதும் இயன்மருத்துவர் கொடுத்த வேலைகள். நாளுக்கு எத்தனை தடவை என்று தங்கை சுவரில் கரியால் கோடு போட்டு எண்ணினாள்.

மற்ற மெசின்களின் சத்தம்

“கால் நோ ஒரு பக்கம். மற்ற ஆக்களின்ரை மெசின் சத்தம் கேக்கிறதுதான் பெரிய நோ” என்றான் அவன், இரண்டாவது தடவை நாம் போனபோது. தன்னால் வீடு அழிகிறது என்ற எண்ணம் அவனைப் பிடித்திருந்தது. யாரோடும் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பான். செத்திருக்கலாம் என்று ஒருநாள் சொன்னான். அப்படி ஒரு சொல் வந்தால் அதை ஏசி அடக்குவது பிழை. தாயார் ஏசவில்லை. கிளினிக்கில் மறைக்காமல் சொன்னார். அங்கிருந்து உளநல வைத்தியரிடம் அனுப்பினார்கள். அவர் கதைத்தார், அவ்வளவுதான். ஆனால் அவன் அடுத்த கிழமையும் போகச் சம்மதித்தான்.

அதோடு பெரியம்மா வேறொரு காரியம் செய்தார். வீட்டுக் கணக்குக் கொப்பியை அவன் மடியில் போட்டார். வங்கித் தவணை, குத்தகை நெல், யார் யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார்கள், யாருக்கு எத்தனை நாள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற கணக்கு முழுவதும் அவன் பொறுப்பு. உரக்கடையோடு தொலைபேசியில் பேசுவதும் அவன்தான். மிளகாய் நாற்றுக்குப் பொலித்தீன் பைகளில் மண் நிரப்பிக் கொடுத்தான். தங்கைக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தான். அவள் மார்கழியில் பாடசாலையை விடுவதாக இருந்தாள், உடுப்புக் கடையில் வேலை ஒன்றும் பேசியாகிவிட்டது. விடவேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவன் படுக்கையில் கிடந்த அண்ணன்தான். 2024 வைகாசியில் அவள் பரீட்சை எழுதினாள், கணிதத்தில் சித்தியும் அடைந்தாள்.

மாசியில் ஒன்றரை ஏக்கரும் வெட்டினார்கள். மற்ற வருடங்களில் இரண்டு ஏக்கரில் 40 மூடை எடுத்த வயலில், இந்தமுறை 24 மூடையும் குத்தகை நெல்லும் வந்தன. களை சரியாகப் பிடுங்கவில்லை என்று தகப்பனார் குறைப்பட்டார். அடுத்த போகத்துக்கு விதைநெல் ஒதுக்கி, சாப்பாட்டுக்கு வைத்து, மீதியை விற்று, சங்கிலியின் வட்டியைக் கட்டினார்கள். சங்கிலி இன்னும் வங்கியில்தான் இருந்தது.

வெளிக்கம்பி தையில் கழன்றது. பிறகு பிளாஸ்ரர். சித்திரையில் இரண்டு ஊன்றுகோல், ஆனியில் ஒன்று. ஊன்றுகோல்கள் முன்னொரு நோயாளி கொடுத்தவை, இவர்களும் இப்போது வேறொரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். வலது கால் அரை அங்குலம் குட்டையாகிவிட்டது. செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஒரு செருப்பின் அடியை உயர்த்தியிருக்கிறான்.

கடைசியாக நாம் போனது 2024 ஆவணியில். சிறுபோக வெட்டு நடந்துகொண்டிருந்தது. மகன் வரம்பில் குந்த முடியாமல், அந்த வெட்டிய பிளாஸ்ரிக் கதிரையைக் கொண்டுவந்து போட்டு அதன்மேல் பலகை வைத்து இருந்தான். தகப்பனார் லாண்ட் மாஸ்டரில் நெல்மூடை ஏற்றிக்கொண்டிருந்தார். “அப்பா, அந்த வாய்க்கால் பக்கத்தாலை வராதேங்கோ, சுத்தி வாங்கோ” என்று இங்கிருந்து சத்தம் போட்டான். அடுத்த கிளினிக் செவ்வாய்க்கிழமை. அன்றைக்குத்தான் நெல் தூற்றுவதற்கு ஆட்கள் வருகிறார்கள். யார் கூடப் போவது என்று தாயார் கேட்டார். “நான் பஸ்ஸிலை தனியப் போட்டு வாறன்” என்றான். பெரியம்மா ஒன்றும் பேசாமல் அந்தப் பொலித்தீன் பையை எடுத்துவந்து, கிளினிக் கொப்பி உள்ளே இருக்கிறதா என்று பார்த்து அவனிடம் கொடுத்தார்.